ராஜாவை எதிர்த்தவர்கள் ராஜா பெயரிலேயே ஏன் சத்தியம் செய்தார்கள்? (ஆர்ஜென்டினா, மே 25, 1810)

கானாடுகாத்தான் சரசு

வணக்கம். சரித்திரம் படித்தவர்கள் யாராவது இருந்தால் என் சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

நான் இங்கே ஒரு பழைய செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். அப்பா காவல் இருந்த வீடு. அவருக்குப் பிறகு சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பங்கு உண்டு, ஒரு புள்ளிகூட ஊரில் இல்லை. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். வளவைச் சுற்றி இருக்கிற ஆறு அறைகளை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விடுகிறோம்.

போன வாரம் ஒரு ஆர்ஜென்டினா அம்மாள் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மே 25 காலையில் வெளிர்நீலமும் வெள்ளையுமாக ஒரு ரிப்பன் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து, இன்றைக்கு எங்கள் நாட்டுத் திருநாள், நான் சமைக்கட்டுமா என்றார். சரி என்றேன். லோக்ரோ என்று ஒரு கெட்டிக் குழம்பு. மக்காச்சோளம், பரங்கிக்காய், பயறு, கறி எல்லாம் ஒரே சட்டியில் போட்டு மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். அவர்கள் ஊரில் மே மாதம் குளிர ஆரம்பிக்கிற நேரமாம். இங்கே அக்னி நட்சத்திரம். இரண்டாங்கட்டில் அடுப்பு முன்னால் முகமெல்லாம் சிவந்துபோய் அவர் கிண்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் சமையல் அண்ணன் ஒரு கரண்டி ருசி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சோம்பும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டிவிட்டார். இதை அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

சாப்பிடும்போது கதை சொன்னார். 1810இல் அந்த நாளில்தான் புவெனோஸ் ஐரிஸில் ஸ்பெயின் வைஸ்ராயை இறக்கிவிட்டு உள்ளூர்க்காரர்கள் ஒன்பது பேர் ஆட்சியை எடுத்துக்கொண்டார்களாம். அதற்கு ஹுந்தா என்று பெயர். நம் பேப்பரில் பர்மா ராணுவத்தைப் பற்றிப் போடுகிற ‘ஜுண்டா’ இதே வார்த்தைதானாம். ஆனால் அப்போது அதற்குக் கூடி உட்கார்கிற சபை என்றுதான் அர்த்தமாம்.

ராத்திரி செல்போனில் தேடிப் பார்த்தால் குழப்பமாகிவிட்டது. அந்த ஒன்பது பேரும் பதவி ஏற்கும்போது மண்டியிட்டு, வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறார்கள். யார் பெயரில்? ஸ்பெயின் ராஜா ஏழாம் ஃபெர்னாண்டோ பெயரில்! அவருக்காக இந்தச் சீமையைக் காப்பாற்றுவோம் என்று. சுதந்திரம் என்று அறிவித்தது ஆறு வருஷம் கழித்து, 1816 ஜூலை 9இல், துக்குமான் என்கிற ஊரில். அப்படியானால் மே 25இல் என்னதான் நடந்தது? இந்தச் சபையும் ஏழு மாதம்கூட நிற்கவில்லை என்று போட்டிருக்கிறது. ஸ்பெயின்காரன் வந்து அடித்துவிட்டானா என்றால் அப்படியும் தெரியவில்லை.

அந்த அம்மாள் இப்போது மதுரைக்குப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவார். அதற்குள் தெரிந்துகொள்ள ஆசை.

திருப்பத்தூரான்

சரசு அக்கா, அது வெறும் வேஷம். அங்கேயே அதற்கு ‘ஃபெர்னாண்டோ முகமூடி’ என்றுதான் பெயர். ராஜா நெப்போலியன் பிடியில் பிரான்ஸில் கிடக்கிறார். திரும்பி வருவாரா என்பதே தெரியாது. இல்லாத ராஜாவுக்குச் சத்தியம் செய்வதில் என்ன நஷ்டம்? அந்தச் சமயத்தில் இங்கிலாந்தும் ஸ்பெயினும் நெப்போலியனுக்கு எதிராகக் கூட்டாளிகள். புவெனோஸ் ஐரிஸ்காரர்களுக்கு இங்கிலாந்துக் கப்பல் வியாபாரம் வேண்டும். வெளிப்படையாகச் சுதந்திரம் என்று அறிவித்தால் இங்கிலாந்தால் ஆதரிக்க முடியாது. அதனால் ஒரு முகமூடி, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நீல வெள்ளை ரிப்பன் 1810இல் கிடையாது. அது 1812 பிப்ரவரியில், அந்த ஒன்பது பேரில் ஒருவரான பெல்கிரானோ கேட்டு வாங்கியது. பழைய படங்களில் மே 25 கூட்டத்தில் எல்லோரும் அதைக் குத்தியிருப்பது பிற்பாடு வந்த கற்பனை. இதை அந்த அம்மாளிடம் சொல்லாதீர்கள், வருத்தப்படுவார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த முகமூடி எல்லாம் பிடிக்காது. சின்ன மருது 1801 ஜூன் 16இல் திருச்சிக் கோட்டையில் ஒட்டிய அறிக்கையில் எதையும் ஒளிக்கவில்லை. அதே வருஷம் அக்டோபர் 24இல் எங்கள் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். தைரியம் என்றால் அது.

தேவகோட்டைப் பேரேடு

தம்பி சொன்னது பாதி சரி. மருது சகோதரர்கள் தைரியத்தில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர்களும் சிவகங்கைச் சீமையில் பிரதானிகளாக இருந்து அரச குடும்பத்தின் பெயரில்தான் ஆண்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. ஒரு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கம் விடவில்லை. எந்தப் புரட்சியைப் படித்தாலும் யார் கத்தினார்கள் என்று பார்க்க மாட்டேன், யார் கையெழுத்துப் போட்டார்கள், எந்த உரிமையில் போட்டார்கள் என்றுதான் பார்ப்பேன். இந்த ஒன்பது பேர் விஷயத்தில் அதைப் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, பர்மாவில் பியாபோனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்துகிற மேலாளுக்கு உதவியாக இருந்தார். கடை முதலாளிக்குத் தேவகோட்டை. 1942 தொடக்கத்தில் ஜப்பான்காரன் ரங்கூனை நெருங்கியதும் மேலாள் கிடைத்த கப்பலில் ஏறிவிட்டார். பெட்டிச் சாவி ஐயா கையில். ஊரிலிருந்து தபால் இல்லை, தந்தி இல்லை. முதலாளி என்ன சொல்வார் என்று கேட்க வழியே இல்லை. அந்த நேரத்தில் ஒரு பர்மாக்காரர் வாங்கிய கடனைக் கட்ட வந்திருக்கிறார். நல்ல மனுஷன். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன்னிடம் கட்டினால் செல்லுமா, நீ யார், உனக்கு அதிகாரம் கொடுத்த மேலாளே இல்லையே என்று கேட்டிருக்கிறார். ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு முதலாளியின் விலாசத்தை, அதாவது கடைப் பெயரைப் போட்டு, வழக்கமான ரசீதை, வழக்கமான வாசகத்தோடு எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாராம். சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். “வேற எந்தப் பேர்ல எழுதினாலும் அது வெறும் காகிதம்தானடா” என்பார்.

அந்த ரசீது முகமூடியா? இல்லை. முதலாளி மேல் பக்தியா? அதுவும் இல்லை. அந்த விலாசம் ஒன்றுதான் ஊரில் செல்லும், அதனால் எழுதினார்.

புவெனோஸ் ஐரிஸிலும் இதே சிக்கல்தான். 1808இல் நெப்போலியன் ஸ்பெயின் ராஜாவையும் அப்பாவையும் பேயோன் என்ற ஊருக்கு வரவழைத்து முடியை எழுதி வாங்கிக்கொண்டு தன் அண்ணனை உட்கார வைத்தான். ஸ்பெயினில் எதிர்த்தவர்கள் ஒரு மத்திய ஹுந்தா அமைத்து, ராஜா பெயரில் நாங்கள் ஆள்கிறோம் என்றார்கள். புவெனோஸ் ஐரிஸுக்குச் சிஸ்னேரோஸ் என்பவரை 1809இல் வைஸ்ராயாக அனுப்பியது அந்த ஹுந்தாதான். கடற்படைக்காரர், டிரஃபால்கர் சண்டையில் காது போய்விட்டது. ஊரில் அவரைச் ‘செவிடர்’ என்றே சொன்னார்கள்.

1810 ஜனவரியில் அந்த மத்திய ஹுந்தாவே கலைந்துவிட்டது. மே மாத நடுவில் ஆங்கிலேயக் கப்பல்களில் வந்த பத்திரிகைகள் மூலம் செய்தி புவெனோஸ் ஐரிஸை எட்டியது. அவ்வளவுதான், ஊரே ஒரே கேள்வியைக் கேட்டது: முதலாளி சிறையில். முதலாளி பெயரில் பவர் எழுதிக் கொடுத்தவர்களும் இல்லை. இந்த மேலாளுடைய பவர் இன்னும் செல்லுமா?

இதை மே 22ஆம் தேதி நகர சபையின் திறந்த கூட்டத்தில் பேசினார்கள். 450 பேருக்கு அழைப்பு, வந்தது 251. கூட்டத்தின் நடவடிக்கையைப் படித்தால் நம் ஊரில் பங்காளிகள் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது. லூயே என்று ஒரு பிஷப். ஸ்பெயின் முழுக்கப் போனாலும் அமெரிக்காவில் ஒரே ஒரு ஸ்பெயின்காரன் மிஞ்சியிருந்தால் அவன்தான் ஆள வேண்டும் என்கிறார். காஸ்தெல்லி என்ற வக்கீல் எழுந்து, ராஜாவின் இடம் காலியானால் அதிகாரம் அதன் மூலத்துக்குத் திரும்பும், அந்த மூலம் மக்கள், என்கிறார். உள்ளூர்ப் படையின் தலைவர் சாவேத்ராவும் தன் வாக்கைச் சொல்லும்போது, அதிகாரத்தைக் கொடுப்பது மக்களே என்பதில் சந்தேகம் வேண்டாம் என்று சேர்த்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகுதான் நல்ல கேள்வி வந்தது. வில்லோட்டா என்ற அரசு வக்கீல் கேட்டார்: மக்கள் என்றால் புவெனோஸ் ஐரிஸ் மக்கள் மட்டுமா? கோர்தோபா, மான்டிவிடியோ, பராகுவே, மேல் பெரு (இன்றைய பொலிவியா) எல்லாம் இதே வைஸ்ராயின் கீழ்தானே இருக்கின்றன? அவர்களைக் கேட்காமல் நீங்கள் மட்டும் எப்படி முடிவு செய்யலாம்?

நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் வாயை மூடியிருப்பேன். பதினோரு பங்கில் ஒரு பங்குக்காரன் வீட்டை விற்றுவிட்டு வந்தால் எப்படி இருக்கும்! ஆனால் ஹுவான் ஹோசே பாசோ என்று இன்னொரு வக்கீல் எழுந்தார். அவர் சொன்னது: குடும்பத்தில் மற்றவர்கள் ஊரில் இல்லாதபோது ஆபத்து வந்தால் மூத்த அக்காள் என்ன செய்வாள்? எல்லோருக்காகவும் தானே காரியத்தைப் பார்ப்பாள். பின்னால் மற்றவர்கள் வந்து ஒப்புக்கொள்ள வேண்டியது. புவெனோஸ் ஐரிஸ்தான் அந்த மூத்த அக்காள். ரோமானியச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு: இல்லாதவரின் காரியத்தை அவசரத்துக்கு இன்னொருவர் நடத்தலாம், ஆனால் கணக்குக் கொடுக்க வேண்டும்.

சரசு தாயி, இந்த வீட்டில் ஓடு ஒழுகினால் பதினோரு புள்ளியையும் கேட்டுவிட்டா கொத்தனாரைக் கூப்பிடுவீர்கள்? அதுதான்.

24ஆம் தேதி நகர சபை ஒரு தந்திரம் செய்தது. ஹுந்தா அமைத்தார்கள், தலைவர் யாரென்றால் அதே சிஸ்னேரோஸ். அது ஒரு நாள்கூட ஓடவில்லை. 25 காலை மழை. சதுக்கத்தில் கூட்டம் குறைவு. சபை மாடியிலிருந்து லெய்வா என்பவர் எட்டிப் பார்த்து, மக்கள் எங்கே என்று கேட்டார். கீழே இருந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மணியை அடித்தால் ஊர் கூடும், மணிக்கு நாக்கு இல்லாததால் அடிக்க முடியாவிட்டால் படை முரசு கொட்டுவோம், பாசறைகளைத் திறப்போம் என்றார்கள். மணிக்கு நாக்கு ஏன் இல்லை தெரியுமா? 1809 ஜனவரி முதல் தேதி நடந்த ஒரு கலகத்துக்குப் பிறகு, இனி யாரும் மணியடித்து ஊரைக் கூட்டக் கூடாது என்று முந்தைய வைஸ்ராய் லினியேர்ஸ் நாக்கைக் கழற்றிவிட்டார். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான்.

முரசு கொட்ட வேண்டியிருக்கவில்லை. சாவேத்ரா தலைவர்; மொரேனோவும் பாசோவும் செயலாளர்கள்; காஸ்தெல்லி, பெல்கிரானோ, அஸ்குயேனகா, பாதிரியார் அல்பெர்தி, வியாபாரிகள் மத்தேயு, லார்ரேயா உறுப்பினர்கள். கடைசி இருவரும் ஸ்பெயினில், கத்தலோனியாவில் பிறந்தவர்கள். ‘உள்ளூர்க்காரர்கள் ஒன்பது பேர்’ என்று அந்த அம்மாள் சொன்னதில் இந்தத் திருத்தம் உண்டு. ஒன்பது என்றதும் எனக்கு நம் ஒன்பது நகரக் கோயில்கள் ஞாபகம் வந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கானாடுகாத்தான் சரசு

ஐயா, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன், ரசீதுக் கதையைச் சமையல் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். ஓடு ஒழுகின விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நிஜமாகவே ஒழுகியது. அது ஒரு தனிக்கதை.

ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லையே. அவ்வளவு யோசித்துப் பேசி அமைத்த சபை ஏன் ஏழு மாதத்தில் போயிற்று?

தேவகோட்டைப் பேரேடு

மூத்த அக்காள் வாதத்தில் ஒரு கடன் இருக்கிறது. கணக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லித்தான் பெட்டிச் சாவியை வாங்கினார்கள்.

மே 27ஆம் தேதி ஹுந்தா எல்லா ஊர்களுக்கும் ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பியது. உங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அவர்கள் தலைநகருக்கு வந்து சேருகிற வரிசைப்படி இந்த ஹுந்தாவில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்று அதில் இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை நான் இருந்த வங்கியில் யாராவது எழுதியிருந்தால் மேனேஜர் பேனாவைப் பிடுங்கியிருப்பார். எத்தனை பேர் என்று இல்லை, எந்த அதிகாரத்தோடு என்று இல்லை. வந்தால் நாற்காலி உண்டு, அவ்வளவுதான்.

மான்டிவிடியோவும் பராகுவேயும் சேர மறுத்துவிட்டன. கோர்தோபாவில் அதே லினியேர்ஸ், மணி நாக்கைக் கழற்றியவர், எதிர்ப்புத் திரட்டினார். 1806இல் ஆங்கிலேயரிடமிருந்து புவெனோஸ் ஐரிஸை மீட்ட வீரர் அவர், ஊருக்கே செல்லப்பிள்ளை. ஆகஸ்ட் 26இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த உத்தரவில் பாதிரியார் அல்பெர்தி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மூத்த அக்காள் தம்பியைச் சுட்ட இந்த இடத்தை நான் வேகமாகப் படித்துக் கடந்துவிடுவேன், நிற்க மனம் வராது.

உள்ளே இன்னொரு சண்டை. செயலாளர் மொரேனோ முப்பத்திரண்டு வயசுக்காரர், தூங்காமல் எழுதுகிறவர். ஜூன் 7இலேயே பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். தலைவர் சாவேத்ரா ஐம்பதைத் தாண்டியவர், நிதானஸ்தர், படை அவர் கையில். டிசம்பர் தொடக்கத்தில், மேல் பெருவில் சுயிபாச்சா என்ற இடத்தில் ஹுந்தாவின் படை ஜெயித்ததைக் கொண்டாட ஒரு விருந்து. துவார்த்தே என்ற அதிகாரி நன்றாகக் குடித்துவிட்டு, மேசையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த சர்க்கரைக் கிரீடத்தை எடுத்து சாவேத்ராவின் மனைவியிடம் நீட்டி, சாவேத்ராவை அமெரிக்காவின் பேரரசர் என்று வாழ்த்திவிட்டான். மொரேனோவுக்குச் செய்தி போயிற்று. மறுநாளே, டிசம்பர் 6இல், தலைவருக்கு இருந்த தனி மரியாதைகளை எல்லாம் நீக்கி ஓர் உத்தரவு. அதில் துவார்த்தேயை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லி ஒரு வரி: புவெனோஸ் ஐரிஸில் குடியிருப்பவன் குடித்திருந்தாலும் தூங்கினாலும் தன் நாட்டின் சுதந்திரத்துக்கு எதிரான எண்ணம் அவனுக்கு வரக் கூடாது. இத்தனைக்கும் அவர்கள் எல்லோரும் ராஜாவுக்குச் சத்தியம் செய்தவர்கள்! திருப்பத்தூர்த் தம்பியின் முகமூடி கழன்று விழுந்த இடம் என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

சாவேத்ராவும் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மறக்கவில்லை. அதற்குள் ஊர்களிலிருந்து ஒன்பது பிரதிநிதிகள் வந்து சேர்ந்து, கடிதத்தைக் காட்டி, எங்கள் நாற்காலி எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கோர்தோபாவின் பாதிரியார் ஃபூனெஸ் முன்னால் நின்றார். டிசம்பர் 18இல் ஓட்டு. பெல்கிரானோ பராகுவே பக்கம் படையோடு போயிருந்தார், காஸ்தெல்லி மேல் பெருவில். மீதி ஏழு பேரும் வந்த ஒன்பது பேரும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். சேர்க்கலாமா என்பதைத் தீர்மானிக்கச் சேர வந்தவர்களே ஓட்டுப் போட்டார்கள், கவனியுங்கள். எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மொரேனோ. இன்னொருவர் யார்?

பாசோ. மே 22இல் எழுந்து நின்று மூத்த அக்காள் கதை சொன்ன அதே பாசோ.

அன்றோடு முதல் ஹுந்தா முடிந்தது. பெரிய ஹுந்தா என்று பெயர் மாறி, அதுவும் மறு வருஷம் செப்டம்பரில் மூன்று பேர் ஆட்சிக்கு வழிவிட்டது. மொரேனோ ராஜினாமா செய்து, லண்டனுக்குத் தூதராகக் கப்பலேறி, 1811 மார்ச் 4இல் நடுக்கடலிலேயே இறந்துபோனார். உடலைக் கடலிலேயே விட்டார்கள். அவ்வளவு நெருப்பை அணைக்க அவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டது என்று சாவேத்ரா சொன்னதாகச் சொல்வார்கள்.

பள்ளத்தூர் டீச்சர்

பேரேடு அண்ணன் பாசோவைக் கொஞ்சம் அநியாயமாகக் கூண்டில் ஏற்றுகிறார். மே 25ஆம் தேதித் தீர்மானத்தையும் படித்திருப்பீர்களே? அதில், பிரதிநிதிகள் வந்து கூடி எந்த மாதிரி ஆட்சி வேண்டும் என்று தீர்மானிக்கட்டும் என்றுதான் இருக்கிறது. அது மாநாடு. அன்றாட நிர்வாகத்தில் உட்காருவது அல்ல. பங்காளிகளைக் கூப்பிட்டது பாகப் பத்திரம் எழுத. அவர்கள் வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று ஓட்டு எடுத்தார்கள். பதினாறு பேர் சேர்ந்து போர் நடத்த முடியுமா? மொரேனோவும் பாசோவும் எதிர்த்ததில் நியாயம் இருந்தது.

இன்னொன்று. மணி நாக்கு என்றதும் எனக்குக் காஸ்தெல்லி ஞாபகம் வந்தார். அந்த நாட்டில் அவரைப் புரட்சியின் பேச்சாளர் என்றே சொல்கிறார்கள். பின்னால் அவர்மேல் விசாரணை நடந்தது. அது முடிவதற்குள் 1812 அக்டோபரில் இறந்தார். நோய் என்ன தெரியுமா? நாக்கில் புற்று. பேச முடியாமல் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாராம். இதை வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட அமைதியாகிவிட்டார்கள்.

தேவகோட்டைப் பேரேடு

டீச்சர் சொல்வது சரி, 25ஆம் தேதிக் காகிதத்தில் மாநாடு என்று இருக்கிறது. ஆனால் 27ஆம் தேதிக் காகிதத்தில் ஹுந்தாவில் சேர்வார்கள் என்று இருக்கிறதே. இரண்டு நாள் இடைவெளி, இரண்டு வாசகம், அனுப்பியது ஒரே ஆபீஸ். வந்தவர்கள் கையில் இருந்தது இரண்டாவது காகிதம். பத்திரத்தில் எழுதியதைத்தான் கோர்ட் பார்க்கும்.

பள்ளத்தூர் டீச்சர்

கோர்ட் பார்க்கட்டும் அண்ணன். நாடு பிழைத்ததா என்று நான் பார்க்கிறேன்.

கானாடுகாத்தான் சரசு

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் திரும்பி வந்தார். முற்றத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்து, இங்கே படித்ததை எல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். செவிடர் வைஸ்ராய், நாக்கில்லாத மணி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பாசோ எதிர்த்து ஓட்டுப் போட்டது மட்டும் நினைவில் இல்லையாம்; மூத்த அக்காள் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தோம், அதோடு நிறுத்திவிட்டோம் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, வீட்டில் நான்தான் மூத்தவள், எனக்குப் பின்னால் நாலு பேர், பாசோவின் கஷ்டம் எனக்குத் தெரியும் என்றார். ரிப்பன் விஷயத்தை நான் வாயே திறக்கவில்லை. சோம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவருக்கு அன்றைக்கே தெரியுமாம்.

பேரேடு ஐயாவுக்கு, ஓடு ஒழுகின கதை. போன ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டு ஓடு ஒழுகி பர்மாத் தேக்கு உத்தரத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ராத்திரி பத்து மணி. யாரையும் கேட்கவில்லை, விடிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு மாற்றி, பெரிய செட்டியார் பெயரில் பில் போட்டு, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாம். நல்ல பிள்ளையாக, இனிமேல் எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்யலாம் என்று வீட்டு வாட்ஸப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிட்டேன். அதுதான் என் 27ஆம் தேதிக் கடிதம் என்று இப்போது தெரிகிறது. முகப்புச் சுவருக்குப் பழைய மாதிரி முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சா, இல்லை சாதாரண பெயிண்டா என்று பங்குனியிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் விடியும்போது ஒரு பேச்சு, அமெரிக்காவில் விடியும்போது வேறு பேச்சு. நான் பெயிண்டுக்கு எதிராக ஒரு ஓட்டுப் போட்டேன். எனக்கு ஓட்டே கிடையாது என்று அமெரிக்கா அண்ணன் சொல்லிவிட்டார்.

சாரம் கட்டிய கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். காரைக்குடிப் பக்கம் அந்தப் பழைய பூச்சு தெரிந்த ஆள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கூலி எவ்வளவு என்றும் சொல்லுங்கள், குரூப்பில் போட வேண்டும்.